உயிருக்குக் கணக்கில்லை, நேரத்துக்கு உண்டு

பிள்ளைகள் எவ்வளவு நேரம் போனில் ஆடுகிறார்கள் என்று எல்லா வீட்டிலும் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்கள் ஆடுகிற ஆட்டம் எப்போது முடியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். 1990-களின் நடுவில் விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ் சொல்லிக்கொடுத்த மிஸ் நான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி ரூமுக்குள் பயபக்தியோடு நுழைய வேண்டிய காலம் அது. வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் கேம்ஸ் ஆடிக்கொள்ளலாம் என்பது எங்கள் சென்டரில் எழுதப்படாத விதி. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கால் மணிக்காகத்தான் ஃபீஸ் கட்டினார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்தக் கால் மணியை இரண்டு ஆட்டங்கள் ஆண்டன. ஒன்று டேவ். ‘டேஞ்சரஸ் டேவ்’ என்று திரையில் முழுப்பெயர் தெரிந்தாலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பின்னால் ‘டூம்’ ஆட்டத்தால் உலகப் புகழ் பெற்ற ஜான் ரொமேரோ சின்ன வயதில் எழுதியது. கோப்பையை எடு, கதவுக்குப் போ, பத்து லெவல், அவ்வளவுதான். இன்னொன்று பிரின்ஸ், அதாவது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’. டேவ் ஓடும் மெஷினைச் சுற்றி ஒரே கூச்சலாக இருக்கும். பிரின்ஸ் ஓடும் மெஷினைச் சுற்றி நிற்கிறவர்கள் பேசாமல் நிற்பார்கள்.

மறந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் இளவரசிக்கு ஒரு மணி நேரம் கெடு வைக்கிறான்: என்னைக் கட்டிக்கொள், இல்லாவிட்டால் சாவு. அவள் மனதில் இருக்கிற வாலிபன் கீழே பாதாளச் சிறையில் கிடக்கிறான். அவன்தான் நாம். 60 நிமிடத்துக்குள் 12 லெவல் கடந்து அவளிடம் போய்ச் சேர வேண்டும். தரையிலிருந்து சட்டென்று எழும் முட்கள், மூடித் திறக்கும் இரும்புப் பற்கள், மிதித்தால் ஆடிப் பெயரும் கற்கள், மிதித்தால் எங்கோ ஒரு கதவைத் திறக்கும் பலகைகள், வாளோடு நிற்கும் காவலர்கள். இவ்வளவும் ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும்.

டாஸ் காலத்து ஆட்டங்களை உலாவியிலேயே ஆடும்படி இணைய ஆவணக் காப்பகம் 2015-இல் வைத்தது. பிரின்ஸும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சமீபத்தில் அங்கே போய் மறுபடி ஆடிப் பார்த்தேன். பழைய பாட்டு கேட்கிற சுகம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டது.

முதல் ஆச்சரியம், அந்த உடம்பு. மரியோ போன்ற ஆட்டங்களில் விசையைத் தொட்டதும் ஆள் பறப்பான், அந்தரத்தில் திசைகூடத் திருப்பலாம். பிரின்ஸ் அப்படிக் கேட்க மாட்டான். ஓடத் தொடங்க இரண்டு எட்டு எடுப்பான், நிற்கச் சொன்னால் சறுக்கித்தான் நிற்பான். குதித்துவிட்டால் குதித்ததுதான், நடுவில் மனதை மாற்ற முடியாது. இரண்டு மாடி உயரம் விழுந்தால் அடிபட்டு எழுவான், மூன்று மாடி என்றால் செத்தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் மட்டும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, பள்ளத்தின் விளிம்பில் சரியாகப் போய் நிற்பான். இந்த ஷிஃப்ட் அடியைக் கற்றுக்கொண்ட மாணவர்கள் ஜெயித்தார்கள். அவசரப்பட்டவர்கள் முள்ளில் போய் விழுந்தார்கள்.

அந்த உடம்பு ஒரு நிஜப் பையனின் உடம்பு. ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் 1985-இல், இருபத்தொரு வயதில், தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு மாட்டி ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் ஓடவும் தாண்டவும் தொங்கவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை டிவியில் நிறுத்தி நிறுத்தி ஸ்டில் கேமராவில் படம்பிடித்து, பிரிண்ட் போட்டு, உருவத்தின் ஓரங்களை மார்க்கரால் தீற்றி, ஜெராக்ஸ் எடுத்து, அதைக் கணினிக்குள் ஏற்றினார். இன்று போன் கேமராவும் ஒரு மென்பொருளும் செய்கிற வேலையை ஒரு மனிதன் கையால் செய்திருக்கிறான். வாள்சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை போல. 1938-இல் வந்த ராபின்ஹூட் படத்தில் எரால் ஃபிளின்னும் பேசில் ராத்போனும் மோதும் கடைசிச் சண்டையில், இருவரும் பக்கவாட்டில் தெரிகிற சில நொடிகளை எடுத்து அதன்மேல் வரைந்துகொண்டார்.

வேலை நான்கு வருடம் இழுத்தது. நடுவில் அவருக்குச் சினிமாவுக்குக் கதை எழுதப் போகலாமா என்ற ஊசலாட்டம் வேறு. அந்தக் காலத்து நாட்குறிப்புகளை அவரே புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். எதையாவது செய்து முடிக்க முடியாமல் தவிக்கிற இளைஞர்கள் யாரும் படிக்கலாம்.

இரண்டாவது ஆச்சரியம் நிழல். முதலில் அவர் செய்த ஆட்டத்தில் எதிரியே கிடையாது. அவர் ஆட்டத்தை முதலில் எழுதிய ஆப்பிள் 2 கணினியின் நினைவகம் முழுவதையும் நாயகனின் அசைவுகளே தின்றுவிட்டன, இன்னோர் ஆளை வரைய இடமில்லை. சண்டை இல்லாமல் சப்பென்று இருக்கிறது என்று டோமி பியர்ஸ் என்ற தோழி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது மெக்னர் ஒரு தந்திரம் செய்தார். அதே நாயகனின் உருவத்தைத் துளி நகர்த்தி, அதன்மேலேயே கழித்து வரைந்தால் மினுமினுக்கிற ஒரு நிழல் மனிதன் கிடைக்கிறான். கூடுதல் நினைவகம் வேண்டாம். நான்காவது லெவலில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதைக் கிழித்துக்கொண்டு தாண்டினால், திரையின் அடியில் முக்கோணங்களாகத் தெரியும் நம் உயிர் ஒரே முக்கோணமாகச் சுருங்கும், நிழல் அந்தப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். அடுத்த லெவலில் நமக்கு முன்னால் போய் மருந்தைக் குடித்துவிடும். அதற்கடுத்ததில் கதவை மூடி நம்மைக் கீழே விழவைக்கும்.

பன்னிரண்டாவது லெவலில் அதே நிழல் வாளோடு எதிரே வரும். அடித்தால் நமக்கே அடி விழும். அதைக் கொன்றால் நாமும் செத்தோம். செய்ய வேண்டியது, வாளை உறையில் போடுவது. நிழலும் போடும். இருவரும் ஓடிப்போய் ஒன்றாகிவிடுவார்கள். இடமில்லாமல் பிறந்த ஒரு பாத்திரம் ஆட்டத்தின் உயிர்நாடியாகிவிட்டது. சினிமாவில் இரட்டை வேடம் பார்த்துச் சலித்த எனக்கே இந்த இடம் இன்றும் சிலிர்க்கிறது.

எங்கள் சென்டரில் வாளை உள்ளே போட வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தது ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன். லோட்டஸ் படிக்க வந்தவன். சண்டை போட்டுப் போட்டுச் செத்து அலுத்து, கோபத்தில் கீழ் அம்பை அழுத்தினான், வாள் உள்ளே போனது. அந்த வாரமே ஊரிலிருந்த மற்ற சென்டர்களுக்கும் செய்தி போய்விட்டது. இன்டர்நெட் இல்லாத ஊரில் அது எப்படிப் போனது என்பது தனி ஆராய்ச்சி.

விலை கொடுத்து வாங்கிய பிரதி என்று ஒன்றை அந்த நாளில் நான் பார்த்ததே இல்லை. அதனால் ஒரு வேடிக்கை. காசு கொடுத்து வாங்கியவர்தானா என்று ஆட்டமே சோதிக்கும். தொடக்க லெவல்களுக்கு நடுவே குப்பிகள் நிறைந்த ஓர் அறை வரும், ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் எழுத்து. கையேட்டில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று வரும். தப்பாகக் குடித்தால் உயிர் குறையும், தப்பு தொடர்ந்தால் சாவு. கையேட்டுக்கு நாங்கள் எங்கே போவது? பூட்டு உடைத்த பிரதி வந்து சேரும்வரை அந்த அறையில் நடந்த சாவுகளுக்கு அளவில்லை. ‘பிரின்ஸ் மெகாஹிட்’ என்று டைப் செய்து தொடங்கினால் லெவல்களைத் தாண்டிக் குதிக்கலாம் என்ற ரகசியமும் எப்படியோ வந்தது. அப்படிக் குதித்தவர்களை மற்ற மாணவர்கள் மதிக்கவில்லை.

எங்களிடம் கலர் மானிட்டர் ஒன்றுதான், அது ஓனர் மேஜையில். குப்பியில் பொங்கும் குமிழி சிவப்பாக இருந்தால் மருந்து, நீலமாக இருந்தால் நஞ்சு. கறுப்பு வெள்ளைத் திரையில் எல்லாம் ஒன்றுதான். எந்த அறையில் எது என்று மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

கால் மணி நேரத்தில் 60 நிமிட ஆட்டத்தை எப்படி முடிப்பது? மூன்றாவது லெவல் முதல் சேமித்துக்கொள்ளலாம். ஆனால் சேமிக்க இருப்பது ஒரே ஒரு கோப்பு. காலை பேட்ச் பையன் சேமித்ததன் மேல் மாலை பேட்ச் பெண் சேமித்துவிட்டால் போச்சு, பஞ்சாயத்து என்னிடம் வரும். கடைசியில் ஆளாளுக்கு ஃப்ளாப்பியில் அந்தக் கோப்பை எடுத்துவைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் போர்டில் எழுதி எழுதிப் புரியாத காப்பி கமாண்ட் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அந்த லெவலின் தொடக்கத்தில் மறுபடி நிற்பீர்கள். உயிருக்கு விலையில்லை, கணக்கில்லை, காத்திருப்பும் இல்லை. செலவாவது நேரம் மட்டும். செத்தாலும் கடிகாரம் நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிச்சம் எவ்வளவு என்று கீழே எழுதிக் காட்டும். 60 நிமிடம் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. ஜெயித்தாலும் தீர்ந்தது. எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

இன்றைய போன் ஆட்டங்கள் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டன. நேரத்துக்கு எல்லையே கிடையாது, உயிருக்குத்தான் ரேஷன். 2012-இல் வந்த ‘கேண்டி க்ரஷ்’ ஐந்து உயிர் தரும். ஓர் உயிர் திரும்ப வர 30 நிமிடம். காத்திரு, இல்லை தெரிந்தவர்களிடம் கேள், இல்லை காசு கட்டு. அதே ஆண்டு வந்த ‘சப்வே சர்ஃபர்ஸ்’ ஆட்டத்தில் ஓட்டம் முடியவே முடியாது, மாட்டிக்கொள்வது ஒன்றுதான் முடிவு. இவற்றில் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. அது தெரியாமல் நடந்த பிழை என்று நினைக்காதீர்கள். முடிந்துபோகிற ஆட்டத்தில் நாளைக்கு விளம்பரம் காட்ட முடியாது, அதனால் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

என் அக்கா பேரனுக்கு 11 வயது. அவனை பிரின்ஸ் முன்னால் உட்கார வைத்தேன். போன வேகத்தில் வலது பக்கம் ஓடினான். எல்லோரும் அப்படித்தான் ஓடுவார்கள். அங்கே நிற்கிற காவலனிடம் வாள் இருக்கிறது, நம்மிடம் இல்லை. வாள் கிடப்பது இடது பக்கம் உள்ளே. செத்தான். செத்ததும் திரையில் எதையோ தேடினான்.

“சின்ன அம்மாச்சி, ரிவைவ் எங்க இருக்கு?”

“அப்படியெல்லாம் இல்லடா. ஏதாவது ஒரு கீயைத் தட்டு.”

“விளம்பரம் வேணா பார்க்கிறேன், உயிர் குடுக்கச் சொல்லுங்க.”

எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னான், பாருங்கள். விளம்பரம் பார்த்துத்தான் உயிர் வாங்க வேண்டும் என்பது அவனுக்கு இயற்கை விதி போல ஆகிவிட்டது. சும்மா கிடைக்கும் என்றதும் அவன் கேட்ட அடுத்த கேள்வி: “அப்ப அவங்களுக்குக் காசு எப்படி வரும்?” நியாயமான கேள்விதான். ஒருமுறை விற்றார்கள், வாங்கியவன் ஆடினான், அத்தோடு கணக்கு முடிந்தது என்றேன். நம்பாத மாதிரி பார்த்தான்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. வரவேற்கிறேன், எத்தனையோ குடும்பங்கள் அதில் அழிந்திருக்கின்றன. ஆனால் சீட்டும் பந்தயமும் இல்லாமல், மிட்டாயையும் ஓடுகிற பையனையும் காட்டிப் பிள்ளையின் சாயங்காலத்தை வாங்கிக்கொள்கிற ஆட்டத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. அதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறோம்.

பழசைத் தூக்கிப் பிடிக்கிற வயசுக்கோளாறு என்று சிலர் சொல்லலாம். பிரின்ஸில் குறை இல்லாமல் இல்லை. இளவரசிக்கு வேலையே கிடையாது. மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் பங்கு. எட்டாவது லெவலில் கதவுக்குப் பின்னால் நாம் மாட்டிக்கொள்ளும்போது ஓர் எலியை அனுப்பிக் கதவைத் திறக்க வைக்கிறாள். ஆட்டம் முழுக்க அவள் செய்கிற ஒரே காரியம் அது. நான் சொல்லிக்கொடுத்த பெண் பிள்ளைகள் அன்றைக்கே கேட்டார்கள், “ஏன் மிஸ், அவ எழுந்து ஓட மாட்டாளா?” பெர்ஷியா என்ற பெயரும் ஒப்புக்குத்தான். ஆயிரத்தொரு இரவுகளையும் ஹாலிவுட் சாகசப் படங்களையும் கலந்து கட்டியது அந்த அரண்மனை. ஒரு லெவலின் கடைசியில் செத்தால் முதலிலிருந்து வர வேண்டியிருக்கிற எரிச்சலை இன்றைய பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், பொறுக்க வேண்டும் என்றும் இல்லை. 2003-இல் இதே பெயரில் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆட்டத்தில் நேரத்தையே பின்னோக்கி ஓட்டும் வசதியைக் கொடுத்துவிட்டார்கள். அது நல்ல ஆட்டம்தான். எனக்கென்னவோ அதில் குதிப்பதற்கு முன் அந்தப் பயம் வரவில்லை.

என் அக்கா பேரனும் முதல் நாள் பாதியில் எழுந்து போய்விட்டான். மறுநாள் அவனாகவே வந்து கேட்டான். வாளைக் கண்டுபிடித்து அந்தக் காவலனை வீழ்த்தியபோது அவன் போட்ட சத்தம் மாடி வீடு வரை கேட்டிருக்கும். இன்னும் அவன் கண்ணாடி வரை வரவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

பள்ளிகளில் கணினி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு விஷயம். இந்த ஆட்டத்தின் மூல நிரல் தொலைந்தே போனது என்று மெக்னர் நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய தந்தை ஃபிரான்சிஸ் மெக்னர், அந்த ஆட்டத்துக்கு இசையமைத்தவரும் அவர்தான், வீட்டு அலமாரியின் மூலையில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். அதில் பழைய ஃப்ளாப்பிகள். விவரம் தெரிந்தவர்கள் வந்து, இருபது வருடம் தாண்டிய வட்டுகளிலிருந்து நிரலை மீட்டெடுத்தார்கள். மெக்னர் அதை யாரும் படிக்கலாம் என்று ‘கிட்ஹப்’ தளத்தில் போட்டுவிட்டார். இடமே இல்லாத இயந்திரத்தில் ஒரு மனிதனை எப்படி ஓட வைத்தார்கள் என்று பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினி அறிவியல் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அசெம்பிளி மொழி, ஒரு வரியும் புரியாது. நிழலின் தந்திரத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினால் புரியும்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. எல்லோரும் பிரின்ஸ் ஆட வேண்டியதில்லை. அடுத்தமுறை பிள்ளை புதிதாக ஓர் ஆட்டத்தை இறக்கச் சொல்லும்போது பட்டனைத் தட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முடிவு உண்டா? செத்தால் மறுபடி ஆட என்ன கேட்கும்? நடுவில் நிறுத்தினால் நாளைக்கு அதே இடத்தில் இருக்குமா? பதில் பிள்ளைக்கே தெரிந்திருக்கும். முதல் கேள்விக்கு “முடியவே முடியாது” என்று பதில் வந்தால், இறக்காதீர்கள்.